மூன்று நாள் தபால்

ஜனவரி 7

அன்புள்ள அண்ணிக்கு,

குட்டி எழுதுகிறேன். ஒரு கடைவாய்ப் பல்லைத் தவிர இங்கே நான் சுகம். நீங்களும் பெரியவளும் சின்னவளும் சுகமா? சின்னவளுக்குச் சளி விட்டதா?

வழக்கம்போல மாத்திரை அட்டையை இரண்டு அட்டைத்துண்டுக்கு நடுவே வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது கத்தரிக்கோல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போன தடவை கேட்டிருந்தீர்களே, அதற்குப் பதில். வெள்ளை இருபத்தொன்றுதான் கரு தரிக்காமல் காவல் காக்கிறது. கடைசி ஏழு பழுப்பு மாத்திரை வெறும் இரும்புச்சத்து. பழுப்பு முடிந்த மறுநாளே புது அட்டையின் முதல் வெள்ளை உள்ளே போயாக வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனால்கூடச் சமாளிக்கலாம். ஆரம்பம் தள்ளிப்போனால் கதவைத் திறந்து போட்ட மாதிரி. இந்த ஆஸ்பத்திரி மருந்து கவுண்டரில் நின்று ஒரு நாளைக்கு இருபது பேருக்கு இதையே சொல்கிறேன். சொந்த அண்ணிக்குத்தான் தபாலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் அண்ணனோடு சீட்டாடுகிறவர். வீட்டுக்கு இருக்கிற ஒரே போனும் அண்ணனோடு லாரியில் ஊர் சுற்றுகிறது. தபால் மூன்றாம் நாள் வந்துவிடுகிறது. அது போதும்.

அண்ணன் இந்தப் பக்கம் லோடு ஏற்றி வந்தால் அவருக்குச் சோறு போடுகிறேன். அவர் கை கழுவப் போன நேரத்தில் உங்களுக்குக் கவர் ஒட்டுகிறேன். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்பார்களே, அதுதான் என் பிழைப்பு. ஆனால் சின்னவள் பிறந்த அன்று அந்த அறையில் நின்றவள் நான். துணி மேல் துணியாக மாற்றினார்கள், ரத்தம் நிற்கவில்லை. "இன்னொண்ணு வேண்டாம்மா, அடுத்த தடவை என் கையில இல்ல"ன்னு டாக்டரம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அண்ணன் கோபித்தால் கோபிக்கட்டும். நீங்கள் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு முத்தம். பதில் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்,
குட்டி

ஜனவரி 15

குட்டிக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் சுகம். சின்னவளுக்குச் சளி விட்டு இப்போது இருமல். உன் பல்லைப் பிடுங்கிவிடு, வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய்.

அட்டை பத்தாம் தேதி வந்தது. பன்னிரண்டாம் தேதி முதல் வெள்ளை. இங்கே நான் வேலை பார்க்கிற சலவைக்கூடத்தில் கேட்பாரில்லாத பொருளுக்கு ஒரு பெட்டி உண்டு. விடுதிகளிலிருந்து வரும் விரிப்புகளோடு சிக்கி வந்த பொத்தான், ஒற்றைக் காலுறை, ஒரு தடவை பல்செட்டுகூட. அதிலிருந்து ஒரு பிள்ளைக் காலுறையை எடுத்து அதற்குள் அட்டையை வைத்திருக்கிறேன். பத்து மணி டீக்கு மணி அடித்ததும் மாத்திரை. என்னோடு விரிப்பு மடிக்கிற கூட்டாளி தலைவலி மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். "தினமுமா வலிக்குது?"ன்னா. ஆமாம் என்றேன்.

உன் அண்ணன் நாலு நாள் இருந்துவிட்டுப் போனார். "இன்னொண்ணு இருந்தா வீடு நெறைஞ்சாப்ல இருக்கும்"னார். டாக்டரம்மா சொன்னதைத் திரும்பச் சொன்னேன். "அதெல்லாம் பயமுறுத்தச் சொல்றது. ஆஸ்பத்திரிக்காரங்க பேச்சைக் கேட்டா மூச்சு விடறதுக்கும் சீட்டு வாங்கணும்"னு சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் பழக்கம் உனக்குத் தெரியுமே, வண்டியின் கிலோமீட்டரைக் கையில் அகப்பட்ட காகிதத்தில் தேதி போட்டு எழுதுவது. இந்தத் தடவை பெரியவளின் கணக்கு நோட்டில், ஏழாம் வாய்ப்பாட்டுக்குக் கீழே எழுதிவிட்டார். டீச்சர் அதற்கும் ஒரு சரி போட்டு அனுப்பியிருக்கிறாள்.

வேறு விசேஷம் இல்லை.

அண்ணி

பிப்ரவரி 7

குட்டிக்கு,

சுகம்தானே? இங்கே சுகம். நாளையோடு பழுப்பு முடிகிறது. கவர் வரவில்லை. எப்போதும் பழுப்பு முடிவதற்குள் வந்துவிடும். தபால்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன். "யாரும்மா, வெளியூர்ல மாப்பிள்ளையா?"ன்னு மூன்றாவது தடவை அவரே கேட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

உனக்கு உடம்பு ஒன்றுமில்லையே? பல் என்ன ஆயிற்று? இரண்டு வரி எழுது.

அண்ணி

பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். பல்லைப் பிடுங்கியாயிற்று, மூன்று நாள் கஞ்சி. பிள்ளைகள் எப்படி?

கவர் தபாலில் எங்கேயோ தங்கிவிட்டது போலிருக்கிறது. இன்றோ நாளையோ உங்கள் கைக்கு வந்துவிடும். எதற்கும் இருக்கட்டும் என்று இதோடு இன்னொரு அட்டை வைத்திருக்கிறேன். எது முதலில் வருகிறதோ அதில் அன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். ஆரம்பித்து ஏழு நாள் வரை தள்ளியே இருக்க வேண்டும். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணி.

அண்ணன் வந்துவிட்டாரா? எந்தப் பக்கம் லோடு என்று ஏதாவது சொன்னாரா? சும்மாதான் கேட்கிறேன்.

உடனே பதில் போடுங்கள்.

குட்டி

பிப்ரவரி 14

குட்டிக்கு,

நீ சுகமாக இருப்பாய். நாங்கள் இருக்கிறோம்.

ஒரே நாளில் இரண்டு அட்டை கிடைத்திருக்கிறது. ஒன்று இன்று பத்தரை மணிக்கு உன் கடிதத்தோடு தபாலில் வந்தது. இன்னொன்று காலையிலேயே வந்துவிட்டது. உன் அண்ணன் லாரிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். "அட, மறந்தே போச்சு. குட்டி உங்கிட்ட குடுக்கச் சொன்னா"ன்னார். நீ தபாலில் தங்கிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். தபாலுக்குச் சட்டைப்பை உண்டு என்று எனக்குத் தெரியாது.

அவர் வந்தது பன்னிரண்டாம் தேதி. உடம்பு சரியில்லை என்றேன். "ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்த எனக்கு மட்டும் சரியா இருக்குதா?"ன்னார். தள்ளிப் படுக்க விடவில்லை. பன்னிரண்டும் பதின்மூன்றும் அப்படியே போயின. அந்தச் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. துவைக்க எடுக்கலாமா என்றுகூட நினைத்தேன். "நாளைக்கும் இதையே போட்டுக்கறேன், விடு"ன்னார்.

பழுப்பு முடிந்து ஆறாவது நாள் இன்று. பழுப்பு ஏழையும் சேர்த்தால் வெள்ளை இல்லாமல் பதின்மூன்று நாள் போயிருக்கிறது. நீ அனுப்பியதில் முதல் வெள்ளையை இன்று மத்தியானம் விழுங்கினேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டால் அதுவும் இல்லை. இஸ்திரி உருளைக்குள் போய் வருகிற விரிப்பு மாதிரி இருக்கிறேன், சூடும் தெரியவில்லை.

இனி என்ன செய்ய வேண்டும் என்று எழுது.

அண்ணி

பிப்ரவரி 18

அண்ணி,

சுகம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

பொய் சொன்னேன். கவர் தபாலில் போகவே இல்லை. இரண்டாம் தேதி ஒட்டி முடித்துக் கவுண்டர் மேலேயே வைத்திருந்தேன். அண்ணன் வந்து நின்றார். "அண்ணிக்கா? ஸ்டாம்பு எதுக்கு தண்டமா? நேரா வீட்டுக்குத்தான் போறேன், குடு"ன்னார். அவர் பின்னால் வரிசையில் ஒன்பது பேர். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். ஒட்டின கவர்தானே, மறுநாள் உங்கள் கையில் இருக்கும் என்று நினைத்தேன். திருடன் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டு, பழியைத் தபால்காரன் மேல் போட்டேன். வழியில் லோடு மாறி வேறு திசைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. வெட்கத்தில் உங்களுக்கு உண்மையை எழுதவில்லை.

இதற்கென்று அவசர மாத்திரை ஒன்று உண்டு. மூன்று நாளுக்குள் போட வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உங்கள் கடிதம் என் கைக்கு வரவே மூன்று நாள் ஆகிவிட்டது. அந்த மாத்திரை என் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது தட்டில் இருக்கிறது. பதினொன்றாம் தேதி அனுப்பிய கவரிலேயே அதையும் ஒன்று போட்டிருக்கலாம், சரியான நாளில் வந்து சேர்ந்திருக்கும். எனக்குத் தோன்றவில்லை. இருபது பேருக்குச் சொல்கிற எனக்குத் தோன்றவில்லை. நேற்று அழுதுவிட்டுத்தான் உங்கள் சலவைக்கூடத்துக்குப் போன் செய்தேன்.

இதோடு ஒரு பரிசோதனைக் குச்சி வைத்திருக்கிறேன். மார்ச் ஏழுக்குப் பிறகு, காலை முதல் சிறுநீரில். அதுவரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அண்ணன் தந்த கவர் நான் ஒட்டியபடியே இருந்ததா?

குட்டி

பிப்ரவரி 27

குட்டிக்கு,

நாங்கள் சுகம். நீ அழுது உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

நீ போன் செய்த அன்று சூப்பர்வைசர் மேஜைக்கு முன்னால் நாலு பேர் விரிப்பு எண்ணிக்கொண்டிருந்தார்கள். நீ "அண்ணி"ன்னாய். நான் "நல்லாயிருக்கியா?"ன்னேன். "நல்லாயிருக்கேன், நீங்க?"ன்னாய். "நல்லாயிருக்கோம்"னேன். பிறகு நீ மூச்சு விடுவது கேட்டது. "வெச்சிரட்டா?"ன்னேன். வைத்துவிட்டேன். "யாராவது தவறிட்டாங்களா?"ன்னு சூப்பர்வைசர் கேட்டார். இல்லை என்றேன். "உங்க மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியுது, அதான்"னார்.

குச்சி வந்தது. காலுறைக்குள் இருக்கிறது.

போன வாரம் நீராவிக் குழாய் முன்னங்கையில் பட்டுவிட்டது. கூட்டாளிதான் கத்தினாள். எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. சின்ன கொப்புளம்தான், ஆறிவிட்டது.

பெரியவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. உன்னிடம் சொல்லச் சொன்னாள். இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் பல் போயிருக்கிறது.

அண்ணி

மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

பெரியவளிடம் சொல்லுங்கள், அவளுக்கு முளைக்கும், அத்தைக்கு முளைக்காது என்று. கைக்குக் களிம்பு வைத்திருக்கிறேன்.

கவரைப் பற்றிக் கேட்டேன், நீங்கள் பதில் எழுதவில்லை. பரவாயில்லை. இது கைக்கு வந்ததும் குச்சியைப் பாருங்கள். தயவுசெய்து பாருங்கள். பார்க்காவிட்டால் இல்லை என்று ஆகிவிடாது.

இருக்கிறது என்று தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் இங்கே வந்துவிடுங்கள். ஆரம்பத்திலேயே என்றால் வழி சுலபம். டாக்டரம்மாவிடம் பேசினேன். தெரிந்தவர் ஒருவருக்கு என்றுதான் ஆரம்பித்தேன். பாதியிலேயே "உன் அண்ணிதானே? வரச் சொல்லு. கருத்தடை ஆபரேஷனும் நான் அன்னிக்கே சொன்னதுதான்"னார். அவருக்கும் அந்த நாள் மறக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணி. உங்களுக்கு ஏன் இல்லை என்பதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

குட்டி

மார்ச் 16

அண்ணி,

உங்கள் கடிதம் கண்டு இரண்டு வாரம் ஆகிறது. தினமும் வாசலில் நின்று தபால்காரரை வழிமறிக்கிறேன். இல்லை என்று தலையாட்டிக்கொண்டே வருகிறார். ஆம், இல்லை, இரண்டில் ஒன்று எழுதினால் போதும். மற்றது எதுவும் வேண்டாம். இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் விடுப்புப் போட்டுவிட்டு நானே வருகிறேன். அண்ணன் வீட்டில் இருந்தாலும் வருவேன். அவன் முன்னாலேயே கேட்பேன்.

குட்டி

மார்ச் 17

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணி எழுதுவது. இந்தக் கடிதமும் உன்னுடையது ஏதாவது ஒன்றும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போகும் என்று நினைக்கிறேன். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நானும் பிள்ளைகளும் சுகம்.

இல்லை. எட்டாம் தேதி குச்சியைப் பார்த்தேன், ஒரே கோடு. பத்தாம் தேதி வேலையில் இருக்கும்போதே தூரமும் வந்துவிட்டது. அன்று முழுக்க நின்றே மடித்தேன். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அதனால்தான் உனக்கு எழுத உட்கார முடியவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கவர் ஒட்டித்தான் இருந்தது. ஆனால் உன் பசை இல்லை, டயர் டியூபுக்குப் போடுகிற மஞ்சள் பசை. அதைக்கூட வழியில் நனைந்து பிரிந்திருக்கும் என்று என்னால் சொல்லிக்கொள்ள முடிந்தது. உள்ளே இருந்த உன் கடிதத்தைத் திருப்பினேன். பின்பக்கம் கிலோமீட்டர் எழுதியிருந்தது. ஆறு இலக்கம், பக்கத்தில் தேதி, பிப்ரவரி ஒன்பது. அவருக்கே தெரியாமல் கை எழுதியிருக்கும்.

முன்பக்கம் நீ எழுதியது உனக்கு நினைவிருக்கும். "அண்ணி, டாக்டரம்மா சொன்னதை மறந்துவிடாதீர்கள். இன்னொன்று வந்தால் இந்தப் பிள்ளைகளுக்கு அம்மா இருக்க மாட்டாள்." அதை ஒன்பதாம் தேதியே படித்திருக்கிறார். படித்து, மடித்து, ஒட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் தேதி வீட்டுக்கு வந்திருக்கிறார். நான் துவைக்கக் கேட்ட சட்டை அது.

இதைப் போன மாதம் பதினாலாம் தேதியே பார்த்துவிட்டேன். உன்னிடம் மறைத்தேன். எழுதிவிட்டால் அது நடந்ததாகிவிடும் என்று நினைத்தேன் போல. அவன் உனக்கு அண்ணன் என்பதும் ஒரு காரணம். பார், 'அவன்' என்று எழுதிவிட்டேன். எழுத்தை அடித்துத் திருத்தவில்லை.

மூன்று நாளுக்கு முன்னால், பதினாலாம் தேதி காலை, அவர் வீட்டில் இருந்தார். புது அட்டைக்கு முதல் நாள். அவர் கொண்டுவந்து தந்த அட்டையைத்தான் இந்த மாதத்துக்கு வைத்திருந்தேன். முந்தின நாளே சலவைக்கூடத்திலிருந்து எடுத்து வந்துவிட்டேன். பிள்ளைகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து முதல் வெள்ளையைப் பிதுக்கினேன். அந்தச் சத்தத்துக்கு நிமிர்ந்தார்.

"என்ன அது?"ன்னார்.

"உங்க சட்டைப்பையில இருந்ததே, அது."

உன் கடிதத்தை எடுத்து, பின்பக்கம் மேலே தெரிகிற மாதிரி தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இது உங்க கையெழுத்துதானே?"

எண்ணைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கொண்டாந்து குடுத்தேன்ல?"ன்னார்.

"மூணாம் நாள் குடுத்தீங்க."

மாத்திரை என் உள்ளங்கையிலேயே இருந்தது. அவர் பக்கம் இருந்த தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அந்தத் தண்ணீரில்தான் விழுங்கினேன். அதற்காக என் மனசு இளகியது என்று நினைக்காதே. இளகவில்லை. அந்தக் கைதான் பசை போட்டு ஒட்டியது. எழுந்து போகும்போது "குட்டிக்குத் தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டார். நான் இருப்பேனா போவேனா என்பது அவருக்குக் கேள்வியாகவே இல்லை, நீ என்ன நினைப்பாய் என்பதுதான் கேள்வி. "இனிமே தெரியும்"னேன்.

டாக்டரம்மாவிடம் ஆபரேஷனுக்கு ஒரு நாள் கேட்டு வை. பெரியவளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் பிள்ளைகளோடு வருகிறேன். உன் அறையில் மூன்று பேருக்கு இடம் பண்ணு. அவரிடம் கேட்கப் போவதில்லை, சொல்லிவிட்டு வருவேன்.

அதுவரைக்கும் அட்டை வேண்டும். உன் அண்ணன் அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறார். அவர் கையிலேயே கொடு. அட்டைத்துண்டு வைத்து மறைக்காதே, கவரையும் ஒட்டாதே. வரிசையில் எத்தனை பேர் நின்றாலும், இது என்ன, எதற்கு, எந்தத் தேதிக்குள் அண்ணி கைக்குப் போக வேண்டும் என்று மற்ற இருபது பேருக்குச் சொல்கிற மாதிரியே அவருக்கும் சொல்லிக் கொடு.

கொடுத்த கையோடு இன்னொன்றைத் தபாலிலும் போட்டுவிடு. மூன்று நாளில் வந்துவிடும்.

உன் அண்ணி